கை கொடுத்தால் கூட்டம் முடியும்

1947, ஏழாம் மாதம் 6, முதல் நாள்

ஞாயிறு என்று எழுதக் கூடாது. சூரியனைக் கும்பிட்டவர்கள் வைத்த பெயராம். வெள்ளைக்கார மிஷனரி வில்மட் அம்மாள் எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் பாடம் இது. ஆகவே ஞாயிறு முதல் நாள், திங்கள் இரண்டாம் நாள், இப்படியே போய்ச் சனிக்கிழமை ஏழாம் நாள். பெயரை மாற்றியதால் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை ஊரில் யாரும் விட்டதாகத் தெரியவில்லை.

இன்று கூட்டத்தில் ஒன்றரை மணி நேரம் யாரும் பேசவில்லை. அது வழக்கம்தான். எங்கள் சபையில் பாட்டு இல்லை, பிரசங்கம் இல்லை, ஐயர் என்று கூப்பிடக் குருவானவர் இல்லை, மணி இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு, உள்ளே ஏதாவது உந்துகிறதா என்று பார்க்க வேண்டும். உந்தினால் எழுந்து பேசலாம், ஆணானாலும் பெண்ணானாலும். உந்தாவிட்டால் அடுத்தவர் வயிறு இரைவதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். இங்கிலீஷில் எங்களுக்குக் குவேக்கர் என்று பேர். தமிழில் நண்பர் சபை. ஆவரைவிளையில் எங்கள் கட்டடத்துக்கு ஊமைக்கோயில் என்று பேர்.

அடிக்கடி உந்தப்பட்டு உருப்படியாகப் பேசுகிறவர்களைச் சபைக் குறிப்பேட்டில் ஊழியர் என்று எழுதி வைப்பார்கள். அங்கி கிடையாது, பட்டம் கிடையாது, பெயர் மட்டும்தான். இருபத்து மூன்று குடும்பத்தில் அப்படி எழுதின பெயர் ஒன்றே ஒன்று. பரிபூரணம். நான்தான். எழுதி இருபத்தொரு வருடம் ஆகிறது.

கடைசியாக நான் எழுந்து பேசியது போன வருடம் பத்தாம் மாதம். வில்மட் அம்மாளும் துரையும் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிய வாரம். அதன்பிறகு பேசவில்லை. தொண்டையில் கோளாறு ஒன்றும் இல்லை. வீட்டில் நன்றாகவே பேசுகிறேன், இவரைக் கேட்டால் தெரியும்.

இவர் என்றால் சற்குணம், என் வீட்டுக்காரர். பள்ளிக்கூட வாத்தியார். சபையின் எழுத்தரும் இவர்தான். முப்பது வருடத்தில் ஒரு தடவைகூடக் கூட்டத்தில் எழுந்து பேசியதில்லை. குறிப்பு எழுதுவார், மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார், அவ்வளவுதான்.

கூட்டம் முடிய வேண்டுமானால் மூப்பர் இரண்டு பேர் கை குலுக்க வேண்டும். அந்த இரண்டு பேர் இவரும் நானும். கை குலுக்காதவரை கூட்டம் முடியாது, யாரும் எழுந்து போகக் கூடாது. ஒரு வருடம் ஆடிக்காற்றில் தலைக்கு மேல் நாலு ஓடு பறந்து போயிற்று. அப்போதும் உட்கார்ந்துதான் இருந்தோம்.

இன்று கடைசி பெஞ்சில் ஒரு விருந்தாளி. பக்கத்து ஊர்ப் பெரிய கோயில் குருவானவர் அருமைநாயகம். வெள்ளை அங்கியோடு வந்து ஒன்றரை மணி நேரம் ஓடு எண்ணினார். கடைசியில் நானும் இவரும் கை குலுக்கியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். கட்டின புருஷன் கையைத் தொட்டதற்கு இந்தப் பார்வை.

8, மூன்றாம் நாள்

அருமைநாயகம் எதற்கு வந்தார் என்று இன்று தெரிந்துவிட்டது. வீட்டுக்கே வந்தார். கூடவே அவர் மனைவி, கறுப்புக் குடையோடு.

நாங்கள் யாரையும் பட்டம் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கலெக்டரானாலும் பெயர்தான். அதனால் “வாங்க அருமைநாயகம்” என்றேன். ஐயர்வாள் என்று கேட்டே பழகிய காது, கொஞ்சம் சிவந்தது. இவர் அவசரமாக நாற்காலியைத் துடைத்தார்.

விஷயம் இதுதான். வெள்ளைக்காரர்கள் ஆளுக்கொன்றாகத் தொடங்கி வைத்த மிஷன் சபைகளெல்லாம் ஒன்பதாம் மாதக் கடைசியில் ஒன்றாகச் சேரப் போகின்றன. ஐக்கிய சபை. நாங்களும் சேர வேண்டுமாம்.

“வெள்ளைக்காரன் ஊருக்குப் போறான். அவன் பிரிச்சு வச்ச சுவரு நமக்கு என்னத்துக்கு?” என்றார் அருமைநாயகம். “எல்லாரும் ஒரே மந்தையாயிருவோம். மாசத்துக்கு ரெண்டு தடவை நானே இங்க வந்து ஆராதனை நடத்துதேன்.”

“நாங்க எங்க உக்காரணும்?”

“பொம்பளையாளுக இடது பக்கம்.”

“அங்க இருந்து பேசணும்னு தோணிச்சுன்னா?”

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. உண்மையிலேயே நான் வேடிக்கையாகப் பேசுகிறேன் என்று நினைத்தார். “அதுக்குத்தான நான் இருக்கேன்” என்றார்.

நான் அவர் மனைவி பக்கம் திரும்பினேன். “உங்க பேரு என்ன?”

“ஐயரம்மான்னே கூப்பிடுங்க.”

“அது உங்க வீட்டுக்காரர் வேலையோட பேரு. உங்க பேரு?”

அந்த அம்மாள் புருஷனைப் பார்த்தாள். அவர்தான் பதில் சொன்னார். “எல்லாரும் ஐயரம்மான்னுதான் கூப்பிடுவாவ.”

சரி. பட்டம் சொல்லி எழுதவும் எனக்கு மனசாட்சி இடம் தராது, பெயரும் கிடைக்கவில்லை. இந்த நாட்குறிப்பில் அவள் குடைக்காரி.

12, ஏழாம் நாள்

மிளகாய் இடித்தேன். தும்மித் தும்மி ஆவி இறங்கியதுபோல் ஆடிக்கொண்டிருந்தபோது ஆசீர்வாதம் வந்தான். சபையில் எங்களுக்கு அடுத்துப் பழைய ஆள். கருப்பட்டி வியாபாரம். மூன்று பெண்பிள்ளைகள், மூத்தவளுக்கு இருபத்து நாலு.

“அக்கா, பிள்ளைகளப் பாக்க வாறவன் எல்லாம் ஒரே கேள்விதான் கேக்கான். உங்க கோயில்ல தாலி எடுத்துக் குடுக்க ஐயரு உண்டான்னு. இல்ல, மாப்பிள்ளையும் பொண்ணும் தானே எந்திரிச்சு நின்னு சொல்லிக்கிடுவாங்கன்னு சொன்னா, சிரிச்சுட்டுப் போயிருதான்.”

அவன் சொல்வதில் பொய் இல்லை. ஊமைக்கோயிலில் பெண் எடுத்தால் பிறக்கிற பிள்ளையும் பேசாது என்று ஒரு வீட்டில் சொல்லி அனுப்பினார்களாம். மூத்தவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

“சேந்துட்டா ஒரு வழி பிறக்கும்க்கா. உங்களுக்கு என்ன தோணுது?”

“எனக்குத் தும்மல் வருது, தம்பி” என்றேன். அது உண்மைதான்.

20, முதல் நாள்

சபைக் காரியக் கூட்டம். சேர்வதா வேண்டாமா என்று.

நாங்கள் கை தூக்கி எண்ணுவதில்லை. எல்லாரும் பேசி, பேசாமல் இருந்து, மறுபடி பேசி, கடைசியில் எழுத்தர் கூட்டத்தின் மனம் இன்னதென்று தனக்குப் பட்டதை ஒரு குறிப்பாக எழுதி வாசிப்பார். வாசித்துவிட்டுக் காத்திருப்பார். “எனக்கு இதில் சமாதானம் இல்லை” என்று யாராவது ஒரே ஒரு ஆள் சொன்னால் போதும், குறிப்பு நிற்காது. யாரும் சொல்லாவிட்டால் நின்றுவிடும்.

ஆசீர்வாதம் பேசினான். வேறு ஏழெட்டுப் பேர் பேசினார்கள். பள்ளிக்கூடம், கல்யாணம், கல்லறைத் தோட்டத்துக்கு மதில் என்று எல்லாம் நியாயமான பேச்சு. இவர் எழுதினார், எழுந்து நின்று வாசித்தார். “ஆவரைவிளை நண்பர்கள் ஐக்கிய சபையோடு சேர ஒருமனப்பட்டார்கள்.” மூக்குக்கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். காத்திருந்தார். நன்றாகவே காத்திருந்தார், குறை சொல்வதற்கில்லை.

நான் முற்றத்தில் காயப்போட்டிருந்த நெத்திலியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். வரும்போது மூடிவிட்டு வந்தேனா என்று ஞாபகம் வரவில்லை.

குறிப்பு நின்றது. நானும் இவரும் கை குலுக்கினோம்.

நெத்திலியை மூடித்தான் வைத்திருந்தேன்.

21, இரண்டாம் நாள்

இவரோடு பேசவில்லை. காரணம் ஒன்றும் இல்லை.

22, மூன்றாம் நாள்

இன்றும்.

30, நாலாம் நாள்

குடைக்காரி தனியாக வந்தாள். ஐக்கிய சபையில் பெண்கள் நடக்க வேண்டிய முறையை எனக்குச் சொல்லித்தர அனுப்பியிருக்கிறார் அருமைநாயகம். வெள்ளைப் புடவை, தலையில் முக்காடு. பாட்டில் சேர்ந்து பாடலாம். ஜெபத்துக்கு ஆமென் சொல்லலாம். பேசுவது கூடாது. நாலாம் நாள்தோறும் ஸ்திரீகள் சங்கம் உண்டு, அங்கே ரேந்தை, அதாவது லேஸ், பின்னலாம், வேதம் வாசிக்கலாம், எனக்குச் செயலாளர் பதவி தருவதாக அருமைநாயகம் சொல்லச் சொன்னாராம்.

“நீங்க என்ன செய்வீய அங்க?” என்று கேட்டேன்.

“நான் ஆர்மோனியம் வாசிப்பேன்.”

“எத்தனை வருசமா?”

“இருவத்தெட்டு.”

பிறகு குடையின் பிடியைத் திருகிக்கொண்டு அவள் கேட்டாள்: “நீங்க கூட்டத்துல எந்திரிச்சுப் பேசுவீயளாமே. அப்போ கையெல்லாம் நடுங்குமா?”

என்ன திமிர். இருபத்தொரு வருட ஊழியக்காரியைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா? “நடுங்கும். வேர்க்கும். ஒண்ணுக்குக்கூட வரும்” என்றேன். சிரித்துவிட்டுப் போவாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “அப்படியும் பேசுவீய” என்று மட்டும் சொன்னாள். சாயா குடிக்காமலே போய்விட்டாள். குடையையும் மறந்து வைத்துவிட்டு, பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனாள்.

இவரோடு பேசத் தொடங்கிவிட்டேன். உப்பு வேண்டுமா என்று கேட்காமல் எத்தனை நாள் பரிமாறுவது.

எட்டாம் மாதம் 15, ஆறாம் நாள்

சுதந்திரம். பள்ளிக்கூடத்தில் ஆளுக்கு ஒரு ஆரஞ்சு மிட்டாய். நண்பர்கள் யாருக்கும் சல்யூட் அடிப்பதில்லை, அதனால் இவர் கொடிக்கு முன்னால் சும்மா நின்றார். கண் கலங்கினார், அதற்குத் தடை ஒன்றும் இல்லை. ரேஷன் அரிசியில் கல் குறையவில்லை.

28, ஐந்தாம் நாள்

எங்கள் கட்டடத்துக்குப் பிரசங்க பீடம் வந்துவிட்டது. தேக்கு. மூன்று படி, ஒரு குட்டிக் கதவு, மேலே வேதப்புத்தகம் வைக்கச் சாய்ந்த பலகை. ஆறு பேர் தூக்கிவந்து வைத்துவிட்டுப் போனார்கள். வில்மட் துரை பார்த்திருந்தால் விறகுக்கு ஆகுமா என்று கேட்டிருப்பார்.

மத்தியானம் பெருக்கப் போனேன். எங்கள் வீட்டு வெள்ளாடும் பின்னாலேயே வந்தது. யாரும் இல்லை. படி ஏறிப் பார்த்தேன், தூசி தட்டத்தான். ஏறினபின் குட்டிக் கதவு தானாகவே சாத்திக்கொண்டது. பலகையில் கை வைத்தேன். காலி பெஞ்சுகளைப் பார்த்தேன். சரி, ஒரு வார்த்தை பேசித்தான் பார்ப்போமே என்று வாயைத் திறந்தேன்.

ஒன்றும் வரவில்லை. ஆடு என்னைப் பார்த்துக்கொண்டே நின்றது. கால்மணி நேரம் நின்றிருப்பேன். ஒரு ஆட்டுக்குச் சொல்லக்கூட என்னிடம் ஒன்றும் இல்லை.

திரும்பினால் வாசலில் குடைக்காரி. பீடத்துக்குத் துணி அளவெடுக்க வந்தாளாம். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

“ஐயர்ட்ட சொல்லமாட்டேன்” என்றாள்.

“தாராளமாச் சொல்லுங்க.”

நான் இறங்கினேன். அவள் அளவு நாடாவைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். பிறகு கேட்டாள்: “அங்க இருந்து பாத்தா எப்படி இருக்கு?”

“ஏறிப் பாருங்களேன்.”

அவள் முதல் படியில் ஒரு கால் வைத்தாள். எடுத்துவிட்டாள். அளவே எடுக்காமல் போனாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது, ஏனென்று தெரியவில்லை.

ஒன்பதாம் மாதம் 20, ஏழாம் நாள்

இன்னும் எட்டு நாள். 28-ஆம் தேதி காலை எங்கள் கடைசி மௌனக் கூட்டம். அது முடிந்ததும் அருமைநாயகம் மேளத்தோடு ஊர்வலமாக வந்து கட்டடத்தைப் பிரதிஷ்டை செய்வார்.

நெத்திலி என்று எழுதியது பொய். நாட்குறிப்பிலும் பொய் சொல்கிற ஊழியக்காரி நான் ஒருத்திதான் இருப்பேன்.

அன்று இவர் குறிப்பை வாசித்துவிட்டுக் காத்திருந்தபோது, “எனக்கு இதில் சமாதானம் இல்லை” என்று சொல்ல நாக்கின் நுனிவரை வந்தது. வில்மட் அம்மாள் ஒரு சோதனை சொல்லித் தந்திருக்கிறாள். எழுவதற்கு முன் நூறு வரை எண்ணு. எண்ணி முடித்தும் எரிந்தால், அது உனக்காக இல்லையென்றால், எழுந்திரு. எண்ணினேன். எரிந்தது. ஆனால் எனக்காக எரிந்தது. ஆசீர்வாதத்தின் பெண் இரண்டு நாள் பட்டினி கிடந்தாள், நான் என் வாய்க்காக எழுந்து நிற்பதா? அது ஊழியம் இல்லை, சண்டை. உட்கார்ந்துவிட்டேன்.

சண்டை போடுவதற்கும் என்ன யோக்கியதை? பதினோரு மாதமாக ஒரு வார்த்தை வரவில்லை. நான் பேசும்போதெல்லாம் எதிர் பெஞ்சில் வில்மட் அம்மாள் மெல்லத் தலையாட்டுவாள். அந்தத் தலை கப்பல் ஏறியதும் என் பேச்சும் ஏறிப் போய்விட்டது. இத்தனை வருடமும் நான் பேசியது கர்த்தருக்காகவா, அந்தத் தலை ஆடுவதற்காகவா? பயமாக இருக்கிறது. இதை இவரிடம்கூடச் சொல்லவில்லை.

பூட்டி வைத்த காலிப்பெட்டியைத் திருடன் கொண்டுபோகிறான் என்று அழுகிறவள் மாதிரி இருக்கிறேன். ஆனாலும் அழுகை வருகிறது.

28, முதல் நாள்

கையில் இன்னும் வலி இருக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எட்டு மணிக்குக் கூட்டம். இருபத்து மூன்று குடும்பமும் வந்திருந்தது. பெண்களெல்லாம் புது வெள்ளைப் புடவை. நான் மட்டும் பச்சைக் கண்டாங்கி. வெள்ளை துவைக்கப் போட்டிருக்கிறேன் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன்.

யாரும் பேசவில்லை. ஒன்பதரைக்கு இவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு என் பக்கம் கையை நீட்டினார். சுட்டுவிரலில் மை. அந்த விரலை முப்பது வருடமாகத் தெரியும். என் கையைத் தூக்கப் பார்த்தேன். வரவில்லை.

இப்படிச் செய்ய வேண்டும் என்று முன்கூட்டி யோசித்தவள் இல்லை நான். உந்துதல் என்றால் எழுந்து பேசுவது என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். கை எழாமல் மடியில் கிடப்பதும் அதில் சேர்த்தி என்று யாரும் சொல்லித்தரவில்லை.

இவர் நீட்டின கையை மடக்கவில்லை. நான் கொடுக்கவில்லை. கூட்டம் முடியவில்லை.

வெளியே மேளம் வந்தது. கிளாரினெட்டுக்காரன் ஒரு கீர்த்தனை வாசித்தான், இன்னொன்று வாசித்தான், தனக்குத் தெரிந்ததை எல்லாம் வாசித்து முடித்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். பிறகு அவனும் நிறுத்திவிட்டான். அருமைநாயகம் வாசலில் வந்து நின்றார். வெள்ளை அங்கி, கையில் பெரிய வேதப்புத்தகம். “முடிஞ்சுதா?” என்று மெல்லக் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை, மௌனத்தில் கேள்விக்குப் பதில் சொல்லும் வழக்கம் எங்களுக்கு இல்லை. அவருக்குப் பின்னால் குடை தெரிந்தது.

பத்தரை. ஒரு கைப்பிள்ளை அழுது, பால் குடித்து, தூங்கி, எழுந்து மறுபடி அழுதது. ஆசீர்வாதம் இருமினான், அது இருமல் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். என் ஆடு உள்ளே வந்து, எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, பிரசங்க பீடத்தின் இரண்டாம் படியில் ஏறிப் படுத்துக்கொண்டது. அருமைநாயகத்தின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சிரித்திருப்பேன்.

இவர் நீட்டின கையை மற்றொரு கையால் தாங்கிக்கொண்டிருந்தார். பதினோரு மணி இருக்கும். கையை மடியில் வைத்தார். எழுந்து நின்றார்.

குறிப்பு வாசிக்கப் போகிறார் என்று நினைத்தேன். கையில் காகிதம் இல்லை.

“நான் தப்பா எழுதிட்டேன்” என்றார்.

முப்பது வருடத்தில் முதல் தடவை. குரல் பள்ளிக்கூடப் பையன் குரல் மாதிரி கீச்சென்று வந்தது.

“ஏழாம் மாசம் இருவதாந்தேதி குறிப்பு. ஒருமனம்னு எழுதினேன். எம் பொண்டாட்டி அன்னைக்கி வாயத் தொறக்கல. அவளுக்குப் பிடிக்காத ஒண்ண நான் செஞ்சா, அடுப்படியில போடுத சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்கும். இந்த ஊருக்கே தெரியும். அதனால பேசாம இருந்தா சம்மதம்னு எழுதிட்டேன். வீட்டுப் பழக்கத்தக் கூட்டத்துக்குக் கொண்டாந்துட்டேன்.”

யாரோ சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை.

“அன்னைக்கி வீட்டுக்குப் போயும் அவ பேசல. மறுநாளும் பேசல. அப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. வந்து சொல்லத்தான் தைரியம் இல்ல. எல்லாரும் சந்தோசமா இருந்திய. ரெண்டு மாசமா எனக்குத் தூக்கம் இல்ல. அந்தக் குறிப்பு நிக்காது.”

குறிப்பேட்டைத் திறந்து, பேனாவை எடுத்து, அந்த வரியை அடித்தார். காகிதத்தில் பேனா கீறுவது வாசல்வரை கேட்டது.

ஆசீர்வாதம் எழுந்துவிட்டான். “அப்போ எம் பிள்ளைகளுக்கு என்ன வழி? வாத்தியாரே, எம் பிள்ளைகளுக்கு என்ன வழி?” மூத்தவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் எழுந்து நின்றேன். நூறு எண்ணவில்லை. கை நடுங்கியது, வேர்த்தது, மற்றதும்தான்.

“ஆசீர்வாதம், நீ போ” என்றேன். “உம் பிள்ளைகளுக்கு மேளத்தோட கல்யாணம் நடக்கட்டும். நான் வந்து சாப்பிட்டுட்டுத்தான் போவேன். போகணும்னு இருக்கவங்க எல்லாரும் போங்க, அதுல பாவம் ஒண்ணும் இல்ல. ஆனா எல்லாரும்னு எழுதி என்னையும் அதுக்குள்ள போட்டுக் கொண்டுபோவாதிய. எனக்கு இதுல சமாதானம் இல்ல. நாலே வார்த்த. இத அன்னைக்கே சொல்லியிருக்கணும். எனக்காகப் பேசுனா அது ஊழியம் இல்லைன்னு நெனச்சேன். எனக்காகப் பேச இங்க வேற யாரு இருக்கா?”

எதிர் பெஞ்சில் தலையாட்ட யாரும் இல்லை. ஆடு மட்டும் அசை போட்டுக்கொண்டிருந்தது. அப்படியும் பேசிவிட்டேன்.

உட்கார்ந்து, இவர் பக்கம் திரும்பி, நானே கையை நீட்டினேன். இவர் பிடித்த பிடியில் மோதிரவிரல் இன்னும் வீங்கியிருக்கிறது.

கூட்டம் முடிந்தது. வெளியே கிளாரினெட்டுக்காரன் விழித்துக்கொண்டு ஊதத் தொடங்கினான். அருமைநாயகம் நல்ல மனுஷர், ஒன்றும் கத்தவில்லை. பிரதிஷ்டை செய்யக் கட்டடம் இல்லாமல் போனதால், சேர வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு பெரிய கோயிலுக்கே திரும்பிப் போனார். பத்தொன்பது குடும்பம். ஆசீர்வாதம் வாசலில் திரும்பி என்னைப் பார்த்துக் கும்பிட்டான். நானும் கும்பிட்டேன். அழுதேன், அதையும் எழுதி வைக்கிறேன்.

இவர் பெஞ்சை விட்டு அசையவில்லை.

“நீங்க போகலையா?”

“கை மரத்துப்போச்சு” என்றார். “கொஞ்ச நேரம் கழிச்சுப் பாப்போம்.”

பத்தாம் மாதம் 5, முதல் நாள்

பிரசங்க பீடத்தை இன்னும் வந்து எடுத்துப் போகவில்லை. ஆறு பேர் கிடைக்கவில்லையாம். ஆடு அதற்குள் மேல்தட்டுவரை ஏறப் பழகிவிட்டது.

கூட்டத்துக்கு ஒன்பது பேர். பெஞ்சுகள் பல்லுப்போன வாய் மாதிரி கிடந்தன. ஒன்பது பேர் வயிறு இரைவதில் எது யாருடையது என்று சுலபமாகத் தெரிந்துவிடுகிறது. இவர் அரைமணி நேரத்தில் இரண்டு தடவை எழுந்து பேசினார். ஒருமுறை ருசி கண்டுவிட்டார், இனி என்னபாடு படப்போகிறேனோ.

ஒன்பது மணி சுமாருக்கு வாசலில் யாரோ குடையை மடக்கும் சத்தம். பத்தாவது ஆள்.

இந்த நேரத்தில் பெரிய கோயிலில் ஆராதனை. ஆர்மோனியம் வாசிக்க வேண்டியவள் அங்கே இல்லாமல் இங்கே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாரும் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள்.

வெகுநேரம் கழித்துப் பின்னால் பெஞ்சு கிறீச்சிட்டது. அப்போது திரும்பினேன். எழுந்து நின்றிருந்தாள். இரண்டு கையும் முன் பெஞ்சைப் பிடித்திருந்தன, பெஞ்சே ஆடியது. வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மூடினாள். மறுபடி திறந்தாள். உலையில் அரிசி போட்டுக் கொதி வருகிற நேரம் அப்படியே நின்றாள். தெற்கே பெரிய கோயிலிலிருந்து காற்றில் பாட்டு வந்தது. ஆர்மோனியம் இல்லாமல் ஆளுக்கொரு சுருதியில் பாடிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு உட்கார்ந்தாள். இருபத்தைந்து வருடத்துக்கு முன் என் முதல் நாளும் இப்படித்தான் போயிற்று. அன்று வில்மட் அம்மாள் என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். நான் குடைக்காரியைப் பார்த்துத் தலையாட்டவில்லை. அந்தப் பழக்கம் அவளுக்கும் வேண்டாம்.

கூட்டம் முடிய வேண்டிய நேரம் வந்தது. இவர் பக்கம் பார்த்தேன். இவர் கைகள் இரண்டையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டு கூரையைப் பார்த்தார். வாத்தியாருக்கு இந்தக் குசும்பு எப்போது வந்தது?

நான் எழுந்து, காலி பெஞ்சுகளைக் கடந்து, கடைசி பெஞ்சுவரை நடந்து போய் அவள் முன்னால் கையை நீட்டினேன். அவள் என் கையைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், குடையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். பிறகு கொடுத்தாள். சில்லென்ற கை. ஆர்மோனியக் கட்டையை அழுத்தி அழுத்தி விரல்நுனியெல்லாம் காய்த்திருந்தது.

“எப்சிபா” என்றாள்.

இந்தத் தடவை நான் கேட்கவே இல்லை.